தூங்குகிற ரியாக்டரும் நீ எழுதிய ஒரு வரியும்

பாப்பா,

கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போயிருக்கிற வாரத்தில் அப்பன் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறான் என்றால், மாமியாரிடம் எப்படிப் பேசுவது, மதுராந்தகம் போனபின் யார் யாருக்கு மரியாதை செய்வது என்றுதான் இருக்கும் என்று நினைப்பாய். அதையெல்லாம் உன் அம்மா பார்த்துக்கொள்வாள். இரண்டு மாதமாக அவள் பேசுவதே அதுதான். நான் எழுதுவது வருகிற வெள்ளிக்கிழமை எங்கள் பிளான்ட்டில் ஓடப்போகிற உன் பேட்ச்சைப் பற்றி. அதன் பேட்ச் ஷீட்டில், ஆட்கள் பார்த்துச் செய்கிற செய்முறைத் தாளில், நீ எழுதியிருக்கும் ஒரு வரியைப் பற்றி. "வெப்பம் ஏறாவிட்டாலும் ஊற்றுவதைத் தொடரவும்; தேவைப்பட்டால் கேட்டலிஸ்ட்டை இன்னொரு முறை போடவும்." இந்த வரியை நீ அடித்தாக வேண்டும். நேரில் சொன்னேன், கோபித்துக்கொண்டு உன் லேப் இருக்கிற கேளம்பாக்கத்துக்கு பஸ் ஏறிவிட்டாய். போனில் சொன்னேன், மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன். இதை நீ பாதியில் மூடிவைத்தாலும் உன் மேசைமேல் கிடக்கும்.

இதை எல்லோரும் படிக்கும்படியான கடிதமாக எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. உன்னைப்போல லேப்பில் ஒரு கண்ணாடிக் குடுவையில் செய்துபார்த்து, பெரிய ரியாக்டர் பாத்திரத்தின் பக்கத்தில் நிற்பவர்களுக்கு எழுதிக்கொடுக்கும் பிள்ளைகள் இந்தப் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அப்பா இருப்பார். அந்த அப்பாவுக்கு இந்தத் தொழில் தெரிந்திருக்காது. அந்தப் பிள்ளைகளும் படிக்கட்டும். உன் பெயரையோ கம்பெனியின் பெயரையோ நான் எங்கும் எழுதவில்லை, அதனால் நீ பயப்பட வேண்டாம்.

நீ செய்கிற வேலை உனக்குத் தெரியும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். இரண்டு கார்பன் துண்டுகள். ஒன்றின் ஓரத்தில் குளோரின், இன்னொன்றின் ஓரத்தில் மக்னீசியம். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் விட்டுவைத்தாலும் சண்டை போட்ட பங்காளிகள் மாதிரி ஆளுக்கொரு மூலையில் இருக்கும், சேராது. அங்கே துளி நிக்கல் போட வேண்டும், அதுதான் கேட்டலிஸ்ட். நிக்கல் முதல் துண்டைப் பிடித்துத் தன்மேல் ஏற்றிக்கொள்ளும், இரண்டாவதையும் ஏற்றிக்கொள்ளும், இரண்டையும் ஒட்டவைத்து இறக்கிவிட்டு அடுத்த ஜோடியைத் தேடிப் போகும். உனக்கு வரன் கொண்டுவந்த தரகர் செய்ததும் இதே வேலைதான். அவராவது வந்த ஒவ்வொரு தடவையும் நம் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனார், நிக்கல் அதுவும் கேட்காது. இன்றைக்கு மாத்திரைக் கடையில் வாங்குகிற எத்தனையோ மருந்துகள் இப்படி ஓர் உலோகம் நடுவில் நின்று சேர்த்துவைத்ததால் வந்தவை. ஆனால் ஒவ்வொரு ஜோடி சேரும்போதும் சூடு கிளம்பும். பிளான்ட்டில் நாங்கள் நாள் முழுக்கக் காவல் காப்பது அந்தச் சூட்டைத்தான்.

ஒழுங்காகப் போகிற நாளில் அது பயப்படும்படியான வேலையே இல்லை. குளோரின் துண்டும் நிக்கலும் உள்ளே இருக்கும். மக்னீசியம் கரைசலை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விடுவோம். செங்கல் நிறத்தில் இருப்பது காபி நிறமாகும், வெப்பமானியின் முள் மெல்ல ஏறும், உள்ளே போவது போகப் போகத் தீர்ந்துகொண்டே இருக்கும். நிக்கல் செத்திருந்தால்தான் ஆபத்து. எங்கேயோ கொஞ்சம் காற்று, கொஞ்சம் ஈரம் பட்டிருக்கும். கடலிலிருந்து வருகிற இந்தக் காற்றில், அதுவும் கார்த்திகை மழையில், ஈரத்துக்கா பஞ்சம்? அப்போது நிறம் மாறாது, முள் நகராது, எல்லாம் சாதுவாக இருக்கும். ரியாக்டர் தூங்குகிறது என்பார்கள் எங்கள் ஆட்கள். அந்த நேரத்தில் ஊற்றுவதெல்லாம் தீராமல் உள்ளேயே சேரும். நம் வீட்டிலும் பார்த்திருப்பாய், உன் அம்மா சத்தம் போட்டால் நான் பேப்பரைக்கூடக் கீழே வைக்கமாட்டேன். அவள் பேசாமல் வெங்காயம் நறுக்க ஆரம்பித்தால்தான் பேப்பரை மடித்துவைத்துவிட்டு எழுந்துபோவேன். நீ வாழப்போகிற வீட்டிலும் பதில் வராதபோது மேலே மேலே பேசிக்கொண்டே போகாதே, நிறுத்திவிட்டு என்ன ஆயிற்று என்று பார். கல்யாணத்துக்கென்று நான் சொல்ல நினைத்தது இது ஒன்றுதான், சொல்லிவிட்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சங்கரா மீன் குழம்பு. நீ முள்ளை எடுத்துக்கொண்டே ஏதோ வேடிக்கை சொல்வதுபோலச் சொன்னாய். "ஒரு தடவை அது ஸ்டார்ட்டே ஆகலைப்பா. பாதிக்கு மேல ஊத்தினதுக்கு அப்புறம்தான் கவனிச்சேன். சரின்னு இன்னொரு பிஞ்ச் போட்டேன் பாருங்க, பொங்கி சீலிங் வரைக்கும் அடிச்சிடுச்சு." ஐஸ் தொட்டியைத் தூக்கிக் குடுவைக்கு அடியில் வைத்ததும் அடங்கிவிட்டது என்றாய். உன் சுடிதாரில் கறை பட்டதற்கு உன் அம்மா திட்டினாள், நீ சிரித்தாய். ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை என்று கேட்டேன். தெரியாது, அதற்கப்புறம் நன்றாகத்தான் வந்தது, மார்க்கெட்டிங் ஆட்கள் அவசரப்படுத்துகிறார்கள் என்றாய். பேட்ச் ஷீட் எங்கள் பிளான்ட்டுக்கு வந்தபோதுதான் அந்த வரியைப் பார்த்தேன். நீ தப்பித்த விதத்தையே மருந்தாக எழுதி அனுப்பியிருக்கிறாய்.

குடுவைக்கு அடியில் ஐஸ் தொட்டி வைக்கலாம். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிற ரியாக்டருக்கு அடியில் எதை வைப்பது? டம்ளர் காபி வாய்க்குள் போவதற்குள் ஆறிவிடும், கல்யாண வீட்டு அண்டாவில் இருக்கும் சாம்பார் பந்தி முடிந்தும் கொதித்துக்கொண்டிருக்கும். பாத்திரம் பெரிதாகப் பெரிதாகச் சூடு வெளியே போகிற வழி குறைந்துகொண்டே வரும். உள்ளே தீராமல் சேர்ந்திருப்பதன்மேல் புது நிக்கல் விழுந்தால் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வரவேண்டிய சூடு மொத்தமும் ஒரே மூச்சில் வரும். கரைப்பானாக இருப்பதோ டி.எச்.எஃப். தண்ணீர் கொதிப்பதற்கு வெகு முன்பே கொதித்து, பெட்ரோல் மாதிரி பற்றிக்கொள்ளும். இதெல்லாம் உனக்குப் பாடமாகத் தெரியும், என்னைவிட நன்றாகவே எழுதுவாய்.

எனக்கு இது பாடமாக வரவில்லை. நீ கைக்குழந்தையாக இருந்தபோது நான் வேறொரு கம்பெனியில் இருந்தேன். அது மூடிப் பல வருஷம் ஆகிறது, இடத்தில் முள்செடிதான் நிற்கிறது. அங்கே ஏழுமலை என்று ஒருவன் எனக்கு ரூம்மேட்டாக இருந்து, பிறகு ஷிஃப்ட் ஆபீசர் ஆனவன். உன் பெயர் சூட்டு விழாவுக்கு வெள்ளிக் கொலுசு வாங்கிவந்தவன் அவன்தான். அதே நிக்கல் வேலை, இதே மாதிரி மழை நாள். ரியாக்டர் தூங்கியது. ஏழுமலை மேலதிகாரிகளைக் கேட்டான், நிக்கலை இன்னொரு சார்ஜ் போடச் சொன்னார்கள். போடுவதற்கு முன் உள்ளே இருப்பதில் ஒரு சாம்பிள் எடுத்து என் கையில் கொடுத்து, லேப்பில் கொடுத்துவிட்டு வா என்றான். நான் முற்றத்தைத் தாண்டி லேப்புக்குப் போய் பாட்டிலை ஜன்னலில் வைத்தேன். அப்போது ஒரு விசில் சத்தம் கேட்டது. திரும்பினால் எங்கள் ஷெட்டின் கூரைக்கு மேலே வெள்ளையாக ஒன்று சீறிக்கொண்டு போகிறது. அது புகை இல்லை, கரைப்பான் ஆவி என்று புரிந்துகொள்வதற்குள் அது தீயாகிவிட்டது.

அதற்கப்புறம் பார்த்ததை உன் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை, உன்னிடமும் சொல்லமாட்டேன். ஏழுமலை சில நாட்கள் சென்னையில் ஆஸ்பத்திரியில் இருந்தான். பேச முடியாமலே போய்ச் சேர்ந்தான். அவன் மனைவி என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "நீங்க அப்போ எங்க இருந்தீங்க?" சாம்பிள் கொடுக்கப் போயிருந்தேன் என்றேன். அது உண்மை, அதில் என் தப்பு எதுவும் இல்லை, எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனாலும் அந்தக் கேள்வியை அவள் கேட்ட குரல் இன்றைக்கும் எனக்கு அப்படியே கேட்கிறது. ரொம்ப நாள் வரை உன்னைத் தூக்கவே எனக்குப் பயமாக இருந்தது. உன் அம்மா உன்னை என் மடியில் போட்டுவிட்டு, பிடிக்காவிட்டால் விழுந்துவிடும் என்று சொல்லிவிட்டு உள்ளே போவாள். அப்படித்தான் எனக்கு அந்தப் பயம் விட்டது.

இதையெல்லாம் சொல்லாமல், வரியை மட்டும் மாற்றச் சொன்னதுதான் நான் செய்த பிசகு என்று நினைக்கிறேன். ஆனால் நீ சொன்ன பதில் எனக்குப் பிடிக்கவில்லை, பாப்பா. வரியை எடுத்தால் ஏன் தூங்குகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள், வேலை திரும்ப லேப்புக்கு வரும், கல்யாணத்துக்கு முன் முடியாது, உன் பாஸ் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்றாய். அதுவரை நியாயம், எனக்குப் புரிந்தது. கடைசியாக ஒன்று சொன்னாயே: "இந்த ஒரு பேட்ச் ஓடிட்டா நான் ரிலீவ் ஆயிடுவேன்பா. அப்புறம் அது அவங்க பாடு." எனக்குச் சுருக்கென்றது. நீதான் பேசுகிறாயா என்று ஒரு நிமிஷம் சந்தேகமாகக்கூட இருந்தது.

ஏனென்றால் எனக்குத் தெரிந்த பெண் வேறு. பிளஸ் டூ பிராக்டிகலில் உப்பு சோதிக்கச் சொல்வார்கள். என்ன உப்பு என்பது லேப் உதவியாளர் வழியாக முதல் நாளே எல்லோருக்கும் தெரிந்துவிடும். சோதனைக் குழாயில் என்ன வந்தாலும் வராவிட்டாலும் "பழுப்பு வளையம் தோன்றியது" என்று எழுதிவிட்டு வந்துவிடுவார்கள். தமிழ்நாட்டில் கெமிஸ்ட்ரி படித்த எல்லோரும் இதைச் செய்துதான் வந்திருப்பார்கள், நானும்தான். உனக்கு வளையம் வரவில்லை. வரவில்லை என்றே எழுதிவைத்துவிட்டு வந்தாய். டீச்சர் கூப்பிட்டுச் சொன்னபோதும் மாற்றவில்லை. வீட்டில் உன் அம்மா ஒரு பாட்டம் ஆடித் தீர்த்தாள். எனக்கும் அந்த மார்க் போனதில் வருத்தம்தான், காட்டிக்கொள்ளாமல் உன்னை மாமல்லபுரம் கூட்டிப்போய் ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுத்தேன். "வராததை எப்படிப்பா வந்துச்சுன்னு எழுதறது?" என்று கேட்டாய். அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதை உன்னிடம் சொன்னதே இல்லை.

நீங்களே நிறுத்திவிடுங்களேன் என்று கேட்பாய். கேட்டுப்பார்த்தேன். எங்கள் மேனேஜர் நல்ல மனிதர்தான். ஆர் அண்ட் டி கையெழுத்துப் போட்டு வந்த ஷீட்டில் பிளான்ட் ஆட்கள் பேனா வைக்க முடியாது, எழுதினவர்கள் திருத்தி அனுப்பினால் அந்த நிமிஷமே மாற்றிவிடுகிறேன் என்றார். அப்புறம் சிரித்துக்கொண்டே, உங்கள் பெண் எழுதினதுதானே, வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள் என்றார். பேச வேண்டியவள் போனை எடுப்பதில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? சரி சார் என்று வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை மத்தியானம் ஷிஃப்ட் முடிந்து திருப்போரூரில் இறங்கி, நானும் டில்லியும் டீ குடித்தோம். டில்லியை உனக்குத் தெரியும், கோவளத்துக்குத் தெற்கே குப்பத்தில் இருக்கிற ஆபரேட்டர். உன் காலேஜ் ஹாஸ்டலுக்கு மீன் வறுத்து அனுப்புவாளே, அவன் மனைவி. கடலுக்குப் போகிறவனாகத்தான் இருந்தான். கல்யாணமான புதிதில் ஒரு புயலுக்குப் பிறகு அவள்தான் பிடிவாதமாக, கடல் வேண்டாம், கம்பெனி வேலைதான் பத்திரம் என்று வலையை விற்கவைத்து அனுப்பினாள். அவன் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான்: "சார், வெள்ளிக்கெயம ஷிப்ட்லேந்து உங்கள எட்த்துட்டாங்க, தெரியுமா? என்னத்தான் போட்டுக்கீறாங்கோ, புச்சா வந்துக்கீற ஆபீசர் தம்பிகூட." யார் எடுத்தது என்று கேட்டேன். "பாப்பாதான் மேனேஜருக்கு போன் பண்ணுச்சாம். அப்பாவுக்கு கல்யாண வேல நெறயா கீது, அன்னிக்கி மட்டும் வோணாம்னு. நல்ல பொண்ணு சார் உங்களுக்கு."

முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைக்கமாட்டேன். வயசான காலத்தில் அப்பனுக்கு ஒரு நாள் ஓய்வு கிடைக்கட்டும் என்று பெண் நினைத்திருக்கிறாளே என்று மனசு நிறைந்தது. டீ டம்ளரைக் கீழே வைப்பதற்குள் அது போய்விட்டது. வெள்ளிக்கிழமை கல்யாண வேலை எதுவும் இல்லை. மண்டபம் பேசியாகிவிட்டது, புடவை எடுத்தாகிவிட்டது. அன்றைக்கு இருப்பது அந்தப் பேட்ச் ஒன்றுதான். ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது என்று என்னிடம் எரிந்துவிழுந்தாயே, ஒன்றும் ஆகாது என்றால் என்னை ஏன் நகர்த்தினாய்? உனக்குத் தெரியும். அந்த வரி என்ன செய்யும் என்று உனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அதை அங்கேயே விட்டுவைத்துவிட்டு, உன் அப்பனை மட்டும் பத்திரமாக முற்றத்துக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டாய்.

டில்லி என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "பேட்ச்ல எதுனா பேஜாரு கீதா சார்?" என்று கேட்டான். டீக்குக் காசு எடுக்கப் பையில் கையை விட்டேன். சொன்னால் உன்னைச் சொல்ல வேண்டும். அவனே சமாதானமாகிக்கொண்டான். "இன்னா சார் கீது இதுல. காயிதத்துல இன்னா எய்திக்கீதோ அத்த அப்டியே பண்ணிட்டு வூட்டுக்குப் போயிகினே இருப்பேன்." அவன் அப்படித்தான். எழுதினதற்கு ஒரு சொல் கூடவும் செய்யமாட்டான், குறையவும் செய்யமாட்டான். மெமோ வாங்காமல் இத்தனை வருஷம் ஓட்டிய ஆள். முள் நகராவிட்டாலும் ஊற்றுவான். மூடியைத் திறந்து இன்னொரு சார்ஜ் போடச் சொன்னால் குனிந்து போடுவான். அவன் பெண் பத்தாவது படிக்கிறாள், பாப்பா. அவளுக்கு யாரிடமும் போன் பண்ணி ஷிஃப்ட் மாற்றச் சொல்லத் தெரியாது.

நேற்று மேனேஜரைப் பார்த்து, கல்யாண வேலை எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்லி வெள்ளிக்கிழமையை மறுபடியும் வாங்கிக்கொண்டேன். டில்லியை நகர்த்தச் சொல்லவில்லை. அவனை எடுத்தால் இன்னொருவனைப் போடுவார்கள், அவன் வீட்டிலும் யாராவது இருப்பார்கள். அப்பா இருந்தால் இரண்டாவது சார்ஜ் போட விடமாட்டார் என்று நீ சமாதானம் சொல்லிக்கொள்வாய். விடமாட்டேன்தான், மெமோ கொடுத்தாலும் சரி. ஆனால் வெப்பம் ஏறாவிட்டாலும் தொடரவும் என்று எழுதியிருக்கிறாயே, அது தூங்குகிறதா முழித்திருக்கிறதா என்று நமக்கு உறைப்பதற்குள் பாதி உள்ளே போயிருக்கும். சேர்ந்து கிடப்பது யாரும் எதுவும் போடாமல் தானாகவே முழித்துக்கொண்டால் நான் எதைப் பிடித்து நிறுத்துவது? மிரட்டுகிறேனா என்று கேட்டால், ஆமாம், மிரட்டத்தான் செய்கிறேன். வேறு வழி எதையும் நீ எனக்கு விட்டுவைக்கவில்லை. உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அதைவிட அதிகமாக, என்னைக் காப்பாற்ற நினைத்தாயே என்று மனசு இளகவும் செய்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நான் கேட்பது இவ்வளவுதான். முதலில் கொஞ்சம் மட்டும் ஊற்றிவிட்டு நிற்கவும். நிறம் மாறி வெப்பம் ஏறினால் மட்டுமே மேலே தொடரவும். ஏறாவிட்டால் எதையும் போடாமல் குளிரவைத்து ஆட்களை விலக்கவும். இதை எழுது. தள்ளிப்போகட்டும், உன் பாஸ் கத்தட்டும், மாப்பிள்ளை வீட்டில் நான் பேசிக்கொள்கிறேன். வியாழக்கிழமை ராத்திரி வரை என் போன் சட்டைப் பையிலேயே இருக்கும், எந்த நேரம் கூப்பிட்டாலும் எடுப்பேன். வெள்ளிக்கிழமை காலையில் உனக்கு மனசு மாறி நீ கூப்பிட்டால் மட்டும் பிரயோஜனம் இல்லை. உனக்குத்தான் தெரியுமே, உள்ளே போவதற்கு முன் எல்லோருடைய போனையும் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

அப்பா